அந்த ஷாட் ஏன் அங்கே வந்தது?

'திரைப்படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் உள்ள வேறுபாடுகளை விளக்குக.' விஸ்காம் படிக்கிற பிள்ளைகளின் பழைய வினாத்தாள்களைப் புரட்டினால் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு உருவத்தில் கண்ணில் படும். பத்து மார்க் கேள்வி. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தாளின் நடுவே ஒரு கோடு போடுவார்கள். இடது பக்கம் சினிமா, வலது பக்கம் டிவி. அது பெரிய திரை, இது சின்னத் திரை. அங்கே இருட்டு அரங்கு, இங்கே வெளிச்சமான வீடு. அதற்கு டிக்கெட் உண்டு, இதற்கு இல்லை. இப்படி ஏழெட்டுக் குறிப்பு எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். எழுதியதில் தப்பு ஒன்றும் இருக்காது. மார்க் மட்டும் பாதியைத் தாண்டாது.

பாதி மார்க் எங்கே போனது என்றால், காரணத்தோடு போய்விட்டது. திரை சின்னது என்று எழுதியாயிற்று. அதனால் என்ன ஆனது என்பதை எழுதவில்லை.

நான் தொலைக்காட்சியில் எடிட்டிங் வேலை பார்த்தவன். செமஸ்டர் நெருங்கினால் அக்கா மகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். டீயைக் கையில் கொடுத்து உட்கார வைத்து, குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்வேன். ஒவ்வொன்றுக்கும் 'சரிம்மா, அதனால?' என்று கேட்பேன். முதலில் அவளுக்கு எரிச்சல் வரும். கொஞ்ச நேரத்தில் அவளே தன்னைக் கேட்டுக்கொள்ள ஆரம்பித்துவிடுவாள். ஊடகத் தேர்வுக்குப் படிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அவளுக்குச் சொல்வதையே மற்ற பிள்ளைகளுக்கும் இங்கே சொல்கிறேன்.

திரை சின்னது என்ற முதல் குறிப்பையே எடுத்துக்கொள்வோம். பழைய 21 அங்குலப் பெட்டியில், லாங் ஷாட்டில் நிற்கிற ஆளின் முகம் சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். அவர் அழுகிறாரா, சிரிக்கிறாரா என்பது எட்டடி தள்ளி உட்கார்ந்து கீரை ஆய்கிற அம்மாவுக்குத் தெரியாது. எனவே கேமரா கிட்டே போகிறது. சீரியலில் முகத்துக்கு மேல் முகமாக வருவதற்கு முதல் காரணம் இது. இரண்டாவது காரணம் நேரம். சினிமாவில் ஒரு நாள் முழுக்க எடுத்தாலும் படத்தில் நிற்பது இரண்டு மூன்று நிமிடம்தான். தினமும் ஒளிபரப்பாகிற சீரியலுக்கு ஏறக்குறைய ஒரு நாளைக்கு ஒரு எபிசோடு எடுத்தாக வேண்டும். ஹால் முழுவதும் தெரிகிற மாதிரி லைட் வைக்க நேரம் ஏது? முகத்துக்கு மட்டும் லைட் வைத்தால் அடுத்த ஷாட்டுக்குப் போய்விடலாம். மூன்றாவது காரணம் பணம். குளோசப்பில் பின்னால் இருக்கிற சுவர் தெரியாது. சுவர் தெரியாவிட்டால் செட்டுக்குச் செலவு இல்லை.

'டிவியில் குளோசப் அதிகம்' என்ற ஒரே வரி இப்போது ஒரு பத்தியாகிவிட்டது. அதில் தொழில்நுட்பம் இருக்கிறது, தயாரிப்பு முறை இருக்கிறது, பொருளாதாரமும் இருக்கிறது. திருத்துகிறவர் தேடுவது இதைத்தான்.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1973-ல் வந்த 'ராஜராஜ சோழன்' தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். சினிமாஸ்கோப்பில் திரையின் அகலம் உயரத்தைப்போல் 2.35 மடங்கு. பழைய டிவிப் பெட்டியின் கணக்கு 4:3, அதாவது 1.33 மடங்கு. சினிமாஸ்கோப் படத்தை அந்தப் பெட்டியில் திரை நிறையக் காட்ட வேண்டுமானால் அகலத்தில் நூற்றுக்கு 43 பங்கை வெட்டியாக வேண்டும். திரையின் இரு ஓரத்திலும் இருவர் நின்று பேசுகிற ஷாட்டில், ஒருவரை விட்டுவிட வேண்டும். அல்லது நடுவில் இருக்கிற வெறும் சுவரைக் காட்ட வேண்டும். வெட்டாமல் காட்டினால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். வீட்டில் இருப்பவர்கள் 'படம் ஏன் ஒடுங்கிக் கிடக்கிறது' என்று கேட்பார்கள். அகலத்திரை டிவி வரும் வரை நம் பிள்ளைகள் வீட்டில் பார்த்து வளர்ந்த பல படங்களில் இயக்குநர் வைத்த சட்டகம் முழுதாக இல்லை. மீசான்சீன் (சட்டகத்துக்குள் காட்சியை அமைக்கும் முறை) பற்றி எழுதும்போது இந்த ஒரு செய்தியைச் சேர்த்தால், சட்டகத்தின் ஓரத்தில் என்ன இருக்கிறது என்பதற்கும் அர்த்தம் உண்டு என்பது தானாக விளங்கும்.

எடிட்டிங் மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் தெரிகிற இன்னொரு விஷயம் உண்டு. சினிமா நொடிக்கு 24 பிரேம். பேசும்படம் வந்தபோது நிலைத்த எண் இது. ஊமைப்படக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். வேகம் கூடக் குறைய இருந்தாலும் கண் பொறுத்துக்கொண்டது. ஒலி அப்படி இல்லை. வேகம் மாறினால் குரல் இழுபடும். எனவே ஒரே வேகம் தேவைப்பட்டது. நம் நாட்டுத் தொலைக்காட்சியோ நொடிக்கு 25 பிரேம். நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. பழைய தொலைக்காட்சி முறை அதையொட்டி ஒவ்வொரு பிரேமையும் இரண்டு பாதியாகப் பிரித்து அனுப்பியது. 24-ல் எடுத்த படத்தை 25-ல் ஓட்டினால் என்ன ஆகும்? 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். பாட்டின் சுருதிகூட ஒரு இழை ஏறிவிடும். இதைச் சொன்னபோது அக்கா மகள், "மாமா, இது டெக்னிக்கல் பேப்பர்ல வர்றது. எனக்கு நாளைக்கு தியரி பேப்பர்" என்றாள். தியரி என்பது வேறு ஏதோ அல்லம்மா என்றேன். ஊர் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்பது நீ கேட்கிற பாட்டின் சுருதி வரைக்கும் வருகிறது என்றால், ஊடகத்துக்கும் சமூகத்துக்கும் உள்ள உறவுக்கு அதைவிட நேரடியான உதாரணம் எங்கே கிடைக்கும்?

அடுத்து, எல்லோரும் பெயரை மட்டும் எழுதிவிட்டு விடுகிற ஒரு கருத்து. ரேமண்ட் வில்லியம்ஸ் 1974-ல் தொலைக்காட்சியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பிரிட்டனிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலில் போய் இறங்கி, மியாமியில் ஓர் இரவு டிவியில் ஒரு படம் பார்க்கிறார். படத்தின் நடுவே விளம்பரங்கள் வருகின்றன. வேறு நாள் போடப்போகிற படங்களின் முன்னோட்டமும் இடையில் வருகிறது. எது இந்தப் படத்தின் காட்சி, எது அந்தப் படத்தின் காட்சி என்று அவருக்குக் குழம்பிவிடுகிறது. அந்தக் குழப்பத்தை அவர் குறையாக எண்ணி ஒதுக்கவில்லை. தொலைக்காட்சியின் இயல்பே இதுதான் என்று பிடித்துக்கொண்டார். தனித்தனி நிகழ்ச்சிகளைவிட, திட்டமிட்டு ஓடவிடப்படுகிற ஓட்டம்தான் அங்கே விற்கப்படும் சரக்கு என்றார். சினிமா குடத்துத் தண்ணீர். வாய், அடி, கொள்ளளவு எல்லாம் உண்டு. தொலைக்காட்சி குழாய்த் தண்ணீர். நீங்கள் வருவதற்கு முன்பும் ஓடிக்கொண்டிருந்தது, போன பிறகும் ஓடும்.

இந்த ஓட்டம் ஒரு சீரியல் எபிசோடுக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். அரை மணி நேர ஸ்லாட். கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி ஒரு மணி நேரத்துக்கு விளம்பரம் 12 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அதில் 10 நிமிடம் வணிக விளம்பரம், 2 நிமிடம் சேனலின் சொந்த விளம்பரம். ஆக அரை மணிக்கு 6 நிமிடம். மிச்சம் 24. இதில் டைட்டில் பாட்டு, நேற்றைய கதை, நாளைய காட்சி எல்லாவற்றையும் கழித்தால் புதுக்கதைக்கு இருபதை ஒட்டித்தான் நிமிடம் மிஞ்சும். அதையும் பிரேக் துண்டு போடுகிறது. ஒவ்வொரு துண்டின் கடைசியிலும் ரிமோட்டைத் தொடவிடாதபடி ஏதாவது நடந்தாக வேண்டும். கதவு தட்டப்படும், போன் அடிக்கும், யாரோ ஒருவரைப் பார்த்து இன்னொருவர் திடுக்கிடுவார். பிரேக் முடிந்ததும் அதே திடுக்கிடல் மறுபடி வரும், விளம்பரத்தின்போது எழுந்துபோனவர் திரும்பி வந்து சேர. ஒரே முகத்தை மூன்று கோணத்தில், மூன்று இடி ஓசையோடு காட்டுவதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பதுண்டு. அதில் ஒரு வேலை இருக்கிறது. அடுக்களையில் இருக்கிறவரை ஹாலுக்குக் கூப்பிடுகிற வேலை அது. படம் அடுக்களைக்குள் போகாது, ஓசை போகும்.

ஒரு சோதனை செய்து பார்க்கச் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீரியல் எபிசோடைக் கேள். ஏறக்குறைய முழுக் கதையும் புரிந்துவிடும். இப்போது மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' படத்தை அப்படிக் கேள். பாதி கையைவிட்டுப் போய்விடும், ஏனென்றால் அந்தப் பாதி ஆட்களின் பார்வையிலும் அசைவிலும், அவர்கள் பேசாமல் நிற்கிற நேரத்திலும் இருக்கிறது. ஜான் எல்லிஸ் 1982-ல் எழுதியது இதை ஒட்டியதுதான்: சினிமாவை ஊன்றிப் பார்க்கிறோம், தொலைக்காட்சியைப் போகிற போக்கில் எட்டிப் பார்க்கிறோம், ஆகவே தொலைக்காட்சியில் ஒலிக்குப் பொறுப்பு கூடுகிறது.

ஆனால் இங்கே நின்றுவிடக் கூடாது. 1952-ல் வந்த 'பராசக்தி'யைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் என்ன நஷ்டம்? மிகக் குறைவு. நாடகத்திலிருந்து வந்த கதை. மு. கருணாநிதியின் வசனம், சிவாஜி கணேசனின் முதல் படம். நீதிமன்றக் காட்சியில் அவருடைய பாத்திரமான குணசேகரன் பேசும்போது கேமரா பெரும்பாலும் அடங்கி நின்று வழிவிடுகிறது. வானொலியில் ஒலிச்சித்திரமாகப் படங்களைக் கேட்டு மகிழ்ந்த ஊர் நம்முடையது. ஆக, 'சினிமா காட்சி ஊடகம், தொலைக்காட்சி ஒலி ஊடகம்' என்று கோடு போட்டுப் பிரித்தால் தமிழ் சினிமாவின் பெரும்பகுதி கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிடும். பாடநூலில் உள்ள கருத்தை எழுதி, அது நம் படங்களுக்குப் பொருந்தாத இடத்தையும் காட்டுகிற விடைக்கு நான் திருத்துகிறவனாக இருந்தால் முழு மார்க் போடுவேன்.

இனி ஆண்டுகள். ஆண்டுகளை மனப்பாடம் செய்ய முடியவில்லை என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்கிறார்கள். வரிசையாகப் படித்தால் யாருக்கும் நிற்காது. பணம் யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்று பார்த்துப் படித்தால் நிற்கும். 1959 செப்டம்பர் 15-ல் டெல்லியில் சோதனை ஒளிபரப்பு தொடங்கியபோது அது முழுக்க அரசின் பணம், நோக்கம் கல்வி. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக்கு, நாசாவிடமிருந்து ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கிப் பயன்படுத்தி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாக நிகழ்ச்சி அனுப்பினார்கள். வேளாண்மை, சுகாதாரம், காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம். ஊர்ப் பொது இடத்தில் ஒரு பெட்டி, ஊரே சுற்றி உட்கார்ந்து பார்த்தது. அதுதான் சைட் திட்டம். சென்னை தொலைக்காட்சி நிலையம் தொடங்கியதும் அதே 1975 ஆகஸ்டில்தான். அடுத்த ஆண்டு இரண்டு மாற்றம்: விளம்பரம் உள்ளே வந்தது, ஏப்ரல் 1 முதல் தூர்தர்ஷன் வானொலியிலிருந்து பிரிந்து தனி அமைப்பானது. 1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணமும் தேசிய ஒளிபரப்பும் வந்தன. வண்ணம் வந்தால் பெட்டி விற்கும், பெட்டி பெருகினால் விளம்பரதாரர் வருவார்.

வந்தார். 1984 ஜூலை 7-ல் தொடங்கிய 'ஹம் லோக்' இந்தக் கதையின் மையம். மெக்சிகோவில் மிகேல் சபிதோ என்பவர் தொடர்கதை வழியாகக் குடும்பக் கட்டுப்பாடு போன்ற செய்திகளை மக்களிடம் கொண்டுபோயிருந்தார். அந்த வழியைப் பார்த்து இந்தியில் செய்தது இது. மனோகர் ஷியாம் ஜோஷி எழுதினார். எபிசோடு முடிவில் நடிகர் அசோக் குமார் வந்து நீதி சொல்வார். தொடக்கத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் தூக்கலாக இருந்ததால் மக்களுக்கு ருசிக்கவில்லை. பிரசாரத்தைக் குறைத்துக் குடும்பக் கதையைக் கூட்டினார்கள், நாடே பார்த்தது. விளம்பரம் கொடுத்தது மேகி நூடுல்ஸ். அரசின் செய்தியும் தனியாரின் சரக்கும் ஒரே அரை மணி நேரத்தில் சேர்ந்து வீட்டுக்குள் வந்தது அப்போதுதான். வளர்ச்சித் தொடர்பியல் பற்றிக் கேட்டாலும், விளம்பரம் பற்றிக் கேட்டாலும், தொடர்கதை வடிவம் பற்றிக் கேட்டாலும் இந்த ஒரு தொடரை வைத்து எழுதலாம்.

1987 ஜனவரியில் 'ராமாயண்' தொடங்கி ஞாயிற்றுக்கிழமைக் காலையைத் தன்வசப்படுத்தியது. நம் ஊரில் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' அதற்கு முன்பே தெருக்களைக் காலி செய்துகொண்டிருந்தது. அதில் ஓடியது சினிமாப் பாட்டு என்பதைக் கவனிக்க வேண்டும், தமிழ்த் தொலைக்காட்சி பிறந்த நாளிலிருந்தே சினிமாவின் தோளில் உட்கார்ந்துதான் வளர்ந்தது. 1993 தமிழ்ப் புத்தாண்டன்று சன் டிவி தொடங்கியது. 1990-களில் 'மர்மதேசம்' வாரம் ஒரு முறை வந்தது. 2003-ல் தொடங்கிய 'கோலங்கள்' நாள்தோறும் வந்து 2009 வரை 1,500 எபிசோடுகளைத் தாண்டியது. வாரத் தொடரில் கதை முடியலாம். தினத் தொடரில் ஸ்லாட் காலியாகக் கூடாது, எனவே கதை முடியாமல் இருப்பதற்குத்தான் எழுதப்படுகிறது. இப்போது பார்வையாளர் கணக்கை எடுக்கிறது பார்க் அமைப்பு; நாடு முழுக்கச் சில பத்தாயிரம் வீடுகளில் மீட்டர் வைத்து, சேனலின் ஒலிக்குள் ஒளித்து வைத்த குறியை அது படிக்கிறது. வாராவாரம் எண் வருகிறது. எண் இறங்கினால் அடுத்த வாரமே ஒரு பாத்திரத்துக்கு விபத்து நடக்கலாம். இந்தத் தொடர்பை மனதில் வைத்துக்கொண்டால் 'மதிப்பீட்டுப் புள்ளி – குறிப்பு வரைக' என்ற கேள்வி பயமுறுத்தாது.

சினிமாப் பகுதிக்கு ஒரே ஒரு படத்தை முழுதாகத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் பிடிவாதம். இருபது படத்தின் பெயர் தெரிந்தவரைவிட ஒரு படத்தின் பத்து நிமிடம் தெரிந்தவர் நன்றாக எழுதுவார். என்னைக் கேட்டால் எஸ். பாலசந்தர் இயக்கி ஏவிஎம் எடுத்த 'அந்த நாள்', 1954. பாட்டே கிடையாது. 1943-ல் சென்னையில் ஜப்பான் குண்டு போட்ட இரவை ஒட்டிய கதை. ரேடியோ என்ஜினியர் ராஜன் படம் தொடங்கியதுமே சுடப்பட்டு விழுகிறார். நடித்தவர் சிவாஜி. 'பராசக்தி' வந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை, கொட்டகைக்கு யாரைப் பார்க்க வந்தார்களோ அவரை முதல் காட்சியிலேயே கொன்றுவிடுகிறார்கள். பிறகு பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி என்று ஒவ்வொருவரும் அவரவர் கோணத்தில் ராஜனைப் பற்றிச் சொல்ல, செத்தவர் திரும்பத் திரும்ப உயிரோடு வந்து வெவ்வேறு மனிதராகத் தெரிகிறார்.

கதை வேறு, கதையைச் சொல்லும் வரிசை வேறு என்று பாடத்தில் வருகிறதே, அதற்கு இதைவிடத் தெளிவான தமிழ் உதாரணம் இல்லை. காலவரிசைப்படி ராஜனின் சாவு கடைசியில் வர வேண்டும். படத்தில் அது முதலில் வருகிறது. அதனால் என்ன? அதன் பிறகு வருகிற ஒவ்வொரு சிரிப்பையும், ஒவ்வொரு சண்டையையும் 'இவர்தான் சுட்டாரோ' என்ற சந்தேகத்தோடுதான் பார்க்கிறோம். நிழலும் வெளிச்சமுமாக இருக்கிற ஒளிப்பதிவு அந்தச் சந்தேகத்துக்குத் துணை நிற்கிறது. இந்தப் படத்தை அகிரா குரோசாவாவின் 'ரஷோமோன்' படத்தோடு ஒப்பிடுவது வழக்கம். ஒப்பிடுங்கள், ஆனால் வித்தியாசத்தை விட்டுவிடாதீர்கள். 'ரஷோமோன்' எது உண்மை என்று கடைசிவரை தீர்த்துச் சொல்வதில்லை. 'அந்த நாள்' படத்தில் துப்பறியும் அதிகாரி உண்மையைக் கண்டுபிடித்துக் கதையை அடைத்துவிடுகிறார். யார் சுட்டது என்பதை இங்கே சொல்லப் போவதில்லை, படத்தைப் பார்க்காதவர்கள் பார்க்க வேண்டும்.

பார்க்கிற முறை இருக்கிறது. முதல் பத்து நிமிடத்தை ஒலியில்லாமல் பாருங்கள். பிறகு படத்தைப் பார்க்காமல் கேளுங்கள். பிறகு இரண்டும் சேர்த்துப் பார்த்தபடி நோட்டில் எழுதுங்கள்: ஷாட் எந்த அளவு, கேமரா நகர்கிறதா, வெளிச்சம் எந்தப் பக்கம், அடுத்த ஷாட்டுக்கு எப்போது வெட்டுகிறார்கள், ஏன் அப்போது. கடைசி 'ஏன்' பல இடத்தில் வெறுமையாக நிற்கும். பரவாயில்லை. நிரம்பிய இடங்கள் விடைத்தாளுக்குப் போதும்.

எடிட்டிங் கேள்விக்குக் குலெஷோவ் சோதனையை எல்லோரும் எழுதுவார்கள். மொசூகின் என்ற நடிகரின் ஒரே முகத்தை, சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒட்டினால் பசியாகவும், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினால் துயரமாகவும் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. மூன்றாவது ஷாட் எது என்பதில் புத்தகத்துக்குப் புத்தகம் வேறுபடும். பொம்மையோடு விளையாடும் குழந்தை என்றும் உண்டு, சாய்ந்திருக்கும் பெண் என்றும் உண்டு. உங்கள் பாடநூலில் உள்ளதை எழுதுங்கள். அதோடு இதையும் சேருங்கள். சீரியல் எடிட்டிங்கில் இந்தச் சோதனை அன்றாடம் நடக்கிறது. மாமியார் வேடக்காரர் அன்று படப்பிடிப்புக்கு வரவில்லை, ஆனால் அவர் அந்தச் செய்தியைக் கேட்டாக வேண்டும். பழைய எபிசோடு ஒன்றில் பால்காரரிடம் பேசும்போது சும்மா ஏறிட்டுப் பார்த்த ஷாட்டை எடுத்து இங்கே வைப்போம், கீழே இசையை ஏற்றுவோம். பார்க்கிறவர்கள் அந்த முகத்தில் வஞ்சத்தைக் காண்பார்கள். புடவை நிறம் மட்டும் ஒத்துப்போக வேண்டும்.

கோட்பாடுகளை இந்த இரண்டு மூன்று படங்களின் மேலேயே மாட்டுங்கள். ஸ்டூவர்ட் ஹால் 1973-ல் சொன்ன மூன்று வகை வாசிப்பைத் தனியாகப் படித்தால் வறட்சியாக இருக்கும். 'பராசக்தி'யின் மேல் வைத்துப் பாருங்கள். எழுதியவர் நினைத்தபடியே ஏற்றுக்கொண்ட திராவிட இயக்கத்து ரசிகர் ஒரு வகை. படத்தைத் தடை செய்யக் கோரி எதிர்த்தவர் இன்னொரு வகை. வசனத்துக்குக் கைதட்டிவிட்டு மறுநாள் வழக்கம்போல் கோயிலுக்குப் போகிறவர் நடுவில் இருக்கிறார். பேரம் பேசி எடுத்துக்கொள்கிற வாசிப்பு அவருடையது. மூன்று பேரையும் உங்கள் தெருவிலேயே பார்க்கலாம்.

சினிமாவில் ஆணின் பார்வை பற்றி லாரா மல்வி 1975-ல் எழுதிய கட்டுரைக்குப் பாட்டுக் காட்சிகள் தாராளமாக இடம் கொடுக்கும். கேமராவின் பார்வை, கதாநாயகனின் பார்வை, நம் பார்வை மூன்றும் ஒரே கோட்டில் நின்று நாயகியின் காலிலிருந்து மேலே ஏறுவதைச் சொன்னால் போதும். சீரியலுக்கு இதை அப்படியே போட முடியாது. அங்கே மையத்தில் பெண், பார்ப்பவரும் பெரும்பாலும் பெண். கேமரா ஏறி இறங்குவது புடவையிலும் நகையிலும். பிரேக் வந்ததும் புடவைக் கடையும் நகைக் கடையும் வருகின்றன. பார்க்கிறவரை அந்தப் பார்வை எங்கே அழைத்துப் போகிறது என்பதை நீங்களே எழுதுங்கள்.

சட்டப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சினிமாவுக்கு 1952-ம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டம். 2023-ல் திருத்தம் வந்து யு/ஏ சான்றிதழ் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்தது. தொலைக்காட்சிக்கு 1995-ம் ஆண்டின் கேபிள் சட்டம். வழக்குகளில் இரண்டு மறக்கக் கூடாது. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப்படம் இட ஒதுக்கீட்டை விமர்சித்ததால் எதிர்ப்புக் கிளம்பி, சென்னை உயர் நீதிமன்றம் சான்றிதழை ரத்து செய்தது. 1989-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, கலவரம் வரும் என்ற மிரட்டலைக் காரணம் காட்டிக் கருத்துரிமையை முடக்க முடியாது, பாதுகாப்பு கொடுப்பது அரசின் கடமை என்றது. படத்தின் கருத்தோடு நமக்கு உடன்பாடு இருக்க வேண்டியதில்லை. தீர்ப்பு அதற்கு அப்பாற்பட்டது. இன்னொன்று 1995-ல் வங்காள கிரிக்கெட் சங்க வழக்கு: வான் அலைகள் பொதுச்சொத்து, அரசு மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம்.

தேர்வறையில் இவற்றையெல்லாம் கொட்டிவிட்டு வராதீர்கள். பத்து மார்க் கேள்விக்கு ஒரு உதாரணம் போதும். விளக்க உரையில் தொடங்காமல் உதாரணத்தில் தொடங்குங்கள். 'சீரியலில் ஒரே முகம் மூன்று முறை காட்டப்படுகிறது' என்று முதல் வரி இருந்தால் திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார். பிறகு காரணம், பிறகு அதைச் சொன்ன அறிஞர், பிறகு அது பொருந்தாத இடம்.

இரண்டாவது டீ வந்தபோது அக்கா மகள் கேட்டாள், "ஓடிடி பத்திக் கேட்டா என்ன மாமா எழுதுறது? நோட்ஸ்ல ஒண்ணுமே இல்ல." நோட்ஸ் எதற்கு, இதுவரை பேசியதை வைத்தே சொல் என்றேன். 2022-ல் வந்த 'சுழல்' தொடரை அவள் பார்த்திருந்தாள். கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்: அங்கே ஸ்லாட் இல்லை, அதனால் எபிசோடுகள் ஒரே நீளத்தில் இல்லை. பிரேக்குக்காகக் கதையைத் துண்டு போடவில்லை, அதனால் நடு நடுவே திடுக்கிட வேண்டியதில்லை. பார்க்கிறவர் தானே தேர்ந்தெடுத்து வந்து உட்கார்ந்திருக்கிறார், அடுக்களையிலிருந்து கூப்பிட வேண்டியதில்லை, அதனால்தான் டைட்டிலைத் தாண்டிப் போக ஒரு பொத்தான் இருக்கிறது.

சரியாகச் சொன்னாள். ஆனால் எபிசோடு முடிவில் தூக்கிவாரிப் போடுகிற திருப்பம் மட்டும் போகவில்லையே, அது ஏன் என்று கேட்டேன். விளம்பரதாரரை நம்பி எழுதாத இடத்தில் யாருக்காக அந்தத் திருப்பம்? மாதச் சந்தாவை நிறுத்தாமல் இருக்க வேண்டும், அடுத்த எபிசோடு தானாக ஓடத் தொடங்குவதற்குள் கை நிறுத்தும் பொத்தானுக்குப் போகாமல் இருக்க வேண்டும் என்று அவள் எழுத ஆரம்பித்தாள். பார்க் அமைப்பு வாரம் ஒருமுறை தருகிற கணக்கை ஓடிடி நிறுவனங்கள் நொடிக்கு நொடி எடுக்கின்றன, எந்த ஷாட்டில் நீ நிறுத்தினாய் என்பதுவரை அவர்களுக்குத் தெரியும், அதையும் அந்தப் பத்தியில் சேர்த்துக்கொள் என்றேன்.